நம்பர் ஒன் பல்கலைக்கழகமும் நான் அடித்த உருமியும்

பத்தொன்பது வயதில் பையன்களுக்குக் காதல் வரும், மோட்டார் சைக்கிள் பைத்தியம் வரும், கொஞ்ச நாளில் தானாகத் தெளிந்துவிடும். எனக்கு வந்தது தரவரிசைப் பைத்தியம். எதைப் பார்த்தாலும் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கைப்பேசி வாங்கப் போனால் உலகத் தரவரிசை. நாசி கண்டார் சோறு சாப்பிடப் போனால் அந்தக் கடைக்கு இணையத்தில் எத்தனை நட்சத்திரம். ஒரு முறை எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள வீடுகளின் மீன் குழம்பையெல்லாம் வரிசைப்படுத்தி, அம்மாவின் குழம்புக்கு மூன்றாம் இடம் கொடுத்தேன். (முதல் இடம் பக்கத்து வீட்டுக்கு. அதை அவர்களுடைய வேலி ஓரமாக நின்று சத்தமாக அறிவித்ததுதான் நான் செய்த தப்பு.) அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு மட்டும் ரொட்டியும் ஜாமும்.

இந்த வியாதியோடுதான் நான் ஆறாம் படிவம் என்கிற மேல்நிலைப் படிப்பை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் தேட உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு சிடாம் கிரி பக்கம். அப்பா கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றுவது, இறக்குவது, வீட்டுக்கு வந்து தூங்குவது, இதுதான் அவர் வாழ்க்கை. பேச்சு மட்டும் கிடையாது. ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்தால் அன்றைக்கு உடம்பு சரியில்லையோ என்று நாங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். அவருடைய பங்கையும் சேர்த்து அம்மா பேசிவிடுவார் என்பதால் வீட்டில் குறை ஒன்றும் தெரியாது.

அப்போது என் கையில் ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. வடக்கே, எங்கள் மாநிலத்திலேயே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து நிர்வாகப் படிப்பு. இணையப் பக்கத்தைத் திறந்து ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

உண்மையைச் சொன்னால், உலகத்தில் எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த ஒரே விஷயம் அதுதான். பள்ளி விடுமுறையில் விடிகாலையில் அப்பாவோடு பஸ்ஸில் போய்விடுவேன். பஸ் எங்கே வீணாகச் சுற்றுகிறது, போன வழியே எங்கே திரும்பி வருகிறது, எந்த அக்காவைப் பாலத்துப் பக்கம் சும்மா காக்க வைக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பதினாறு வயதில் ஒரு நாள், அந்தச் சந்தியை முதலில் எடுத்துவிட்டு இந்தத் தாமானைக் கடைசியில் எடுத்தால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். மறுநாள் அப்படியே ஓட்டினார். முதல் ஆளாக ஏறுகிற அக்காவுக்கு அரை மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைத்தது. அந்தத் தீபாவளிக்கு அந்த அக்கா எனக்கென்று தனியாக ஒரு டின் முறுக்கு கொடுத்தனுப்பினார். இதுவரை நான் வாங்கிய பரிசுகளில் அதுதான் பெரியது.

ஆனால் பைத்தியம் பிடித்தவனுக்கு முறுக்கு கண்ணில் படுமா? அந்தப் பல்கலைக்கழகம் தரவரிசையில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். திரையை விரலால் தள்ளினேன், தள்ளினேன், ஆப்பிரிக்கா போய், ஐரோப்பா போய், விரல் மரத்துப்போன நேரத்தில் அது வந்தது. இவ்வளவு கீழே இருக்கிற இடத்தில் படித்தால் நாளைக்கு எவன் மதிப்பான்?

இதில் கோயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து முனீஸ்வரர் கோயில் திருவிழாவில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போடுவார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பொருளாளர் மகனைக் கூப்பிட்டபோது, ‘உலகத் தரவரிசையில் இடம்பெற்ற’ என்று தலைவர் மைக்கில் மூன்று முறை சொன்னார். அந்த மைக் சத்தம் ஒரு வருஷமாக என் காதிலேயே இருந்தது. எனக்கு மைக்கில் வேறு ஒன்றுதான் கேட்க வேண்டும்: ‘முதல் இடம்.’

நாட்டிலேயே முதல் இடத்தில் கோலாலம்பூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. (நான் நம்பிய பட்டியலில் இருந்தது என்று சொல்ல வேண்டும். மூன்று பட்டியல்கள் பார்த்தேன், மூன்றிலும் முதல் இடம் வேறு வேறு. பார்க்க அழகாக, கலர் கலராக இருந்த பட்டியலைத்தான் நம்பினேன்.) என் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே மருத்துவக் கட்டடத்தின் நிழலில்கூட நிற்க முடியாது. சட்டம், பொறியியல், கணக்கியல் எல்லாம் கதவைச் சாத்தின. கடைசியில் ஒரே ஒரு படிப்பு மிஞ்சியது. இசை. அதற்கு மதிப்பெண்ணைவிடத் திறமைத் தேர்வுதான் முக்கியம் என்று போட்டிருந்தது. பாரம்பரிய வாத்தியமும் வாசிக்கலாம், துணைக்கு வாசிக்க ஆளையும் அழைத்து வரலாம். எனக்கு மதிப்பெண்ணும் இல்லை, திறமையும் இல்லை. ஆனால் திறமை இல்லாத விஷயம் தேர்வு நாள்வரைக்கும் யாருக்கும் தெரியாதே. துணிந்து விண்ணப்பித்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாத்ரூமில் நான் பாடினால்கூடக் கதவைத் தட்டுகிற வீடு எங்களுடையது. பஸ் படிப்பு கிடைத்திருக்கிறதே, அதற்கு என்ன கேடு என்று கேட்டார். அதன் ரேங்க்கைச் சொன்னேன். ரேங்க் என்ன சோறா போடப்போகிறது என்றார். எதிர்காலம், உலகச் சந்தை என்று ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்தப் பட்டன அமுக்கிட்டியா?” என்று மட்டும் கேட்டார். இன்னும் நாள் இருக்கிறது என்றேன். அவர் வேலைக்குப் போய்விட்டார்.

நாள் இருந்ததுதான். ஆனால் கெடு முடிகிற நாளைப் பார்த்தால், அது இசைத் தேர்வு நாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் அமுக்காவிட்டால் வடக்கே உள்ள இடம் வேறு யாருக்கோ போய்விடும். எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. போனால் போகட்டும் என்று இருந்தேன்.

அம்மாவின் தம்பி செல்வம் மாமா. வாரம் முழுக்கக் கூலிமில் ஷிஃப்டு வேலை, சனி ஞாயிறில் உருமி மேளம். பூச்சோங்வரை போய் வாசித்துவிட்டு வருகிற குழு அவருடையது. என் இசை வரலாறு முழுவதையும் அறிந்தவரும் அவர்தான். எனக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது தைப்பூசத்தில் என் கையில் ஜால்ராவைக் கொடுத்தார். ஊர்வலம் பாதி வழி போவதற்குள் காவடி எடுத்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோத ஆரம்பித்தார்கள். அதன் பிறகு ஜெனரேட்டர் வண்டி தள்ளுகிற பொறுப்பு எனக்கு வந்தது. வண்டியை நான் நன்றாகத் தள்ளுவேன் என்று மாமாவே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் போய், மூன்று வாரத்தில் உருமி கற்றுக்கொடுங்கள் என்றேன். மாமா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அக்கா மகன், என்ன செய்வார்? வேலை முடிந்து வந்த களைப்போடு தினமும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எட்டு வகை அடி சொல்லிக்கொடுத்ததில் ஏழு எனக்கு ஒட்டவே இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் எப்படியோ கையில் உட்கார்ந்தது. மாமாவின் முகம் மாறிவிட்டது.

“மாப்ள, இது சாமி அழைக்கிற அடி. கோயில் வாசல்ல, கற்பூரம் ஏத்தி, ஆளு விரதம் இருந்து நிக்கும்போது அடிக்கிறது. கண்ட எடத்துல அடிக்கக்கூடாது லா.”

“ஏசி ரூம்ல, புரொஃபசருங்க முன்னாடி அடிக்கப்போறேன். அங்க யாருக்கு மாமா வரும்?”

மாமா என் கையிலிருந்து குச்சியை வாங்கி வைத்தார். “ஒங்க அத்தைக்கு வரும்,” என்றார்.

அதை மறுக்க முடியாது. மாமாவின் மனைவி புஷ்பா அத்தைக்குச் சாமி வருவதற்கு மேளம்கூட வேண்டாம். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடிய சத்தத்துக்கே ஒரு முறை ஆடியிருக்கிறார். சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் முதல் ஆளாக அவருக்குத்தான் வரும். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சரி, அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால், அவர் நான் கேட்பதற்கு முன்பே புளிச்சாதம் கட்டி, தஞ்சோங் டாவாய் நெத்திலியில் சம்பலும் வைத்துவிட்டார். சமைத்தவரை விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் எடுத்துப்போக எங்கள் குடும்பத்தில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அதனால் ஒரு திட்டம் போட்டோம். போனதும் அத்தையைப் பல்கலைக்கழகக் கேன்டீனில் உட்கார வைத்துவிடுவது. இசைத் துறை இருக்கிற கட்டடத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவில் ஒரு பெரிய திடல் இருந்ததை இணைய வரைபடத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நான் உருமி, மாமா பம்பை, ஜால்ராவுக்கு அம்மா. அப்பா வேன் ஓட்டிக்கொண்டு வந்து, பைகளைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு ஏற்ற வேலை, வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

விடியுமுன் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வாடகை வேனில் கிளம்பினோம். வழியெல்லாம் நான் தரவரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டார், அத்தை தூங்கிவிட்டார், மாமா தூங்குவதுபோல் நடித்தார். அப்பா மட்டும் கண்ணாடியில் என்னை அடிக்கடி பார்த்தார். என் பேச்சில் சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பல்கலைக்கழக வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா எங்கள் மேளங்களைப் பார்த்துவிட்டு, கல்யாண மண்டபம் அடுத்த சந்திப்பில் என்று பணிவாக வழி சொன்னார்.

தேர்வு அறைக்கு வெளியே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பெண் வயலினை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஒருவன் இல்லாத பியானோவை முழங்காலில் வாசித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் என்னிடம், எத்தனை வருஷமாகப் பயிற்சி என்று கேட்டாள். மூன்று என்றேன். (வாரம் என்று சொல்லவில்லை.) பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே ஐஸ் பெட்டிபோலக் குளிர். தரையில் கம்பளம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் தலைவியாக ஒரு மலாய்ப் பேராசிரியர், முகத்தைப் பார்த்தாலே அம்மா என்று கூப்பிடத் தோன்றும், ஒரு பக்கம் மெலிந்த சீன விரிவுரையாளர், மறு பக்கம் ஒரு தமிழ் விரிவுரையாளர் அம்மா. நாங்கள் மூவரும் வாத்தியங்களோடு நடுவில் நின்றோம். அப்பா பைகளோடு கதவோரமாக நின்றுகொண்டார்.

ஏன் இசை படிக்க விரும்புகிறாய் என்று தலைவி மலாயில் கேட்டார். உங்கள் பல்கலைக்கழகம் நாட்டிலேயே முதல் இடத்தில் இருக்கிறது என்றேன். அது பல்கலைக்கழகத்தைப் பற்றிய பதில், நான் கேட்டது இசையைப் பற்றி என்றார் அவர், சிரித்துக்கொண்டே. நான் நன்றாக யோசித்து, இசையிலும் நீங்கள்தான் முதல் இடமா என்று கேட்டேன். அவர் குனிந்து எதையோ எழுதினார். நல்லதாகத்தான் எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்த வயதில் என்னைப் பற்றி யார் எதை எழுதினாலும் நல்லதாகத்தான் தோன்றும்.

வாசிக்க ஆரம்பித்தேன். வளைந்த குச்சியை உருமித் தோலில் இழுத்ததும் வர வேண்டிய உறுமல் வரவில்லை. பசித்த பூனை ஒன்று முனகியது. மாமா பம்பையைத் தூக்கி அடித்து அதை மறைத்தார். கொஞ்சம் சூடு பிடித்தது. நான் தாளத்தை விடும்போதெல்லாம் மாமா ஓடி வந்து பிடித்தார். அம்மா யாரையும் சட்டை செய்யாமல், கண்ணை மூடிக்கொண்டு தனக்குத் தோன்றிய வேகத்தில் ஜால்ரா தட்டினார். மூன்று பேரும் மூன்று பாதையில் போய் எப்படியோ ஓர் இடத்தில் சந்தித்தோம், உருமி நிஜமாகவே உறுமியது. அடடா, இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பின்னால் பைகள் விழுகிற சத்தம் கேட்டது.

அத்தை கேன்டீனிலிருந்து தப்பி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா. கைகளைப் பின்னால் கட்டி, நாக்கைக் கடித்து, நுனிக்காலில் நின்று ஆடிக்கொண்டிருந்தார். முட்டி வலிக்கு மாதா மாதம் மருந்து வாங்குகிற மனிதர். எனக்கு விவரம் தெரிந்து ஒரு கோயிலிலும் அவருக்குச் சாமி வந்ததில்லை. எல்லோரும் ஆடும்போது அவர் வெளியே நின்று வண்டிக்குக் காவல் இருப்பார்.

நான் உருமியை நிறுத்தினேன். மாமா நிறுத்தவில்லை. பழக்க தோஷம், பாதியில் நிறுத்தினால் குற்றம் என்று பம்பையைத் தொடர்ந்து அடித்தார். அம்மா ஜால்ராவைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பையிலிருந்து திருநீறு எடுத்துப் பூசினார். அடுத்ததாகக் கற்பூரமும் லைட்டரும் எடுத்தபோது, சீன விரிவுரையாளர் எழுந்து இரண்டு கைகளாலும் கூரையைக் காட்டினார். மேலே நெருப்பு எச்சரிக்கைக் கருவி. அம்மா புரிந்துகொண்டு கற்பூரத்தைப் பைக்குள் வைத்துவிட்டார்.

மாமா முறைப்படி யார் வந்திருப்பது என்று கேட்டார். முனியாண்டி, அதாவது எங்கள் முனீஸ்வரர், என்று பதில் வந்தது. அப்பாவின் குரலே இல்லை அது, வயிற்றுக்குள்ளிருந்து வந்த குரல். சாமி சுருட்டு கேட்டது. அறையில் புகைக்கத் தடை என்று நான்கு மொழியில் எழுதி ஒட்டியிருந்தது. இங்கே சட்டம் அப்படி, வெளியே போனதும் வாங்கித் தருகிறேன் என்று மாமா கெஞ்சினார். சாமி எழுத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டது.

தலைவி பயப்படவில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று தமிழ் விரிவுரையாளரிடம் அமைதியாகக் கேட்டார். அந்த அம்மா ஒவ்வொன்றாக மலாயில் மொழிபெயர்த்தார். ‘அவர்’ என்பது அப்பாவா என்று தலைவி கேட்க, இப்போதைக்கு அப்பா இல்லை என்று பதில் சொன்னார்.

பிறகுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். சாமி வந்து நிற்கும்போது குடும்பக் காரியம் ஒன்றைக் கேட்காமல் விடுவது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. முடிவெடுக்க வேண்டிய மூன்று பேரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

“சாமி, புள்ளைக்கு இங்க எடம் கெடைக்குமா?”

சாமி சிரித்தது. “பஸ்ஸு போற வழிய பாத்துப் பாத்து வளந்த புள்ள. இவன் கையில எதுக்குடா உருமியக் குடுத்தீங்க? மூணு எடத்துல தாளம் விட்டுட்டான். எனக்கே காலு தடுக்குது.”

விரிவுரையாளர் அம்மா மொழிபெயர்த்தார். சீனர் தன் தாளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாமியிடமே வாதாடினேன். இது முதல் இடத்தில் இருக்கிற பல்கலைக்கழகம், அந்த வடக்குப் பல்கலைக்கழகம் பட்டியலில் எங்கேயோ அடியில் கிடக்கிறது என்றேன்.

சாமி என் பக்கத்தில் வந்து நின்றது. குரலை இறக்கியது.

“நான் எங்கடா இருக்கேன்? செம்பனைத் தோட்டத்து ஓரத்துல, தகரக் கொட்டாயில. என் ரேங்க் என்ன? எந்த லிஸ்ட்டுல இருக்கேன்? சிங்கப்பூர்லேருந்து ஆளு தேடி வரல?”

வருகிறார்கள்தான். வேன் பிடித்து வருகிறார்கள்.

“அஞ்சு மணிக்குள்ள அந்தப் பட்டன அமுக்கு,” என்றது சாமி.

விரிவுரையாளர் அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இந்த மாணவர் இந்தப் படிப்புக்குப் பொருத்தமானவர் இல்லை என்றும், அவருக்கு வேறு இடத்தில் பொருத்தமான வாய்ப்பு இருக்கிறது என்றும், அதற்கு இன்று மாலை ஐந்து மணி கெடு என்றும் அவர் கூறுகிறார் என்று சுருக்கமாகச் சொன்னார். தலைவி பேனாவை மூடி வைத்தார். எங்கள் கருத்தும் அதுதான் என்றார்.

அந்தத் தமிழ் அம்மா மெதுவாக எழுந்து, தன் மகன் விஷயமாக ஒன்று கேட்கலாமா என்று நெருங்கினார். அதற்குள் சாமி மலையேறிவிட்டது. அப்பா கம்பளத்தில் உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். தலைவி தன் தண்ணீர்ப் போத்தலை அவரிடம் கொடுத்தார். குடித்துவிட்டு, விழுந்த பைகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டித்தான் போனார்.

தாழ்வாரத்தில் எனக்குக் கோபமும் வெட்கமும் தாங்கவில்லை. வயலின் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, செத்துவிடலாம்போல இருந்தது. இன்னும் முறையான முடிவு வரவில்லை, நான் அமுக்க மாட்டேன் என்றேன். ஆண்டவனே நேரில் வந்து சொல்லிவிட்டார், அதற்கு மேல் எந்த முறையான முடிவு உனக்கு என்று அம்மா சத்தம் போட்டார். மாமாவோ, அவ்வளவு மோசமான உருமிக்கும் சாமி வந்தது என்றால் அது பம்பையால்தான் என்ற தொழில் பெருமையில் நின்றிருந்தார். அப்பா கொஞ்சம் தள்ளிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் பைகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் வீம்பெல்லாம் இறங்கிவிட்டது.

அமுக்கினேன். திரை கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. அந்த இடமும் போய்விட்டால்? பாலத்துப் பக்கம் நிற்கிற அக்கா, சந்தி, தாமான் எல்லாம் கண்முன் வந்தன. ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று வந்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. பசிதான் வந்தது.

கேன்டீனில் அத்தை புளிச்சாதத்தோடு காத்திருந்தார். திடலைத் தாண்டி மேளச் சத்தம் ஒரு பொட்டும் கேட்கவில்லையாம். நடந்ததைச் சொன்னோம். சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. இத்தனை வருஷம் விரதம் இருந்த தன்னை விட்டுவிட்டு, வண்டிக்குக் காவல் இருந்த ஆளிடம் போய் வந்திருக்கிறாரே என்று முனீஸ்வரர்மேலேயே கோபம். சம்பலை அப்பாவுக்கு மட்டும் வைக்கவில்லை. தீபாவளிவரைக்கும் அவரோடு பேசவும் இல்லை. அப்பாவுக்கு அது தெரிந்ததா என்பது சந்தேகம்தான்.

வடக்கே போனேன். நன்றாகப் படித்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், விருப்பத்தோடு படித்தேன். இப்போது தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்டு பஸ் ஓடுகிற வழிகளைத் திட்டமிடுவதுதான் என் பிழைப்பு. யாராவது ஒரு அக்கா அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தாங்காது. கோயில் மேடையில் எனக்கும் பொன்னாடை போட்டார்கள். தலைவர் மைக்கில் என் பல்கலைக்கழகத்தின் ரேங்க்கைச் சொல்லவில்லை. முனீஸ்வரரே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பல்கலைக்கழகம் என்று மூன்று முறை சொன்னார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன தீபாவளிக்கு எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். என் சித்தப்பா மகள் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போக வேண்டும்; தரவரிசையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு இது போதாதா? கோலாலம்பூர்க் கதையை ஆரம்பித்துவிட்டார். அம்மா சொல்லச் சொல்ல அந்தக் கதை வருஷா வருஷம் பெரிதாகும். அன்றைக்குச் சொன்னபோது சாமி என் உருமியைப் பிடுங்கி எறிந்தது, பேராசிரியர்கள் மூவரும் எழுந்து கும்பிட்டார்கள்.

“பத்து எடத்துல தாளம் விட்டுட்டான்னு சாமியே சொல்லுச்சு,” என்றார் அம்மா.

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. “பத்து இல்ல,” என்றார். “மூணுன்னுதான் நான் சொன்னேன்.”

அத்தை கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அப்பா மிச்ச டீயைக் குடித்து முடித்துவிட்டு, குவளையைக் கழுவி வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனார். பிறந்ததிலிருந்து அவர் ஒரு குவளை கழுவி நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் வாயைத் திறக்க முடிவதில்லை. டீக்குச் சீனி பத்தல என்று சொன்னால்கூட, அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறார்: “இது யாரு சொல்றது? நீங்களா, அவரா?”